லீவுக்கு எந்த ஊர்?

நெய்வேலியில் மாசி மாதம் பாதி ஓடிவிட்டால் யாரும் யாரையும் "சௌக்கியமா?" என்று விசாரிப்பதில்லை. காய்கறிக் கடையானாலும், கோயில் பிராகாரமானாலும், ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கும்போதானாலும், முதல் கேள்வி "லீவுக்கு எந்த ஊர்?" என்பதுதான். "போகிறீர்களா?" என்று கேட்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போவது முடிவான விஷயம். எந்த ஊர், என்றைக்கு, எத்தனை நாள் என்பதில்தான் சந்தேகம். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் இந்தக் கேள்வி எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது நானே எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காரணம் சாதாரணமானது. இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இது சொந்த ஊர் அல்ல. மற்ற ஊர்களில் தெரு, பேட்டை என்று இருப்பதைப் போல இங்கே வட்டம். எண்தான் அதன் பெயர். எங்கள் வட்டத்தில் எங்கள் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு வீடு சேலம், ஒரு வீடு கும்பகோணம், மூன்றாவது பாலக்காடு, நாங்கள் திருநெல்வேலி ஜில்லா. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போடப்போக, பூமிக்குள்ளிருந்து கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பரில் கம்பெனி ஏற்பட்டது. 1957 மே 20ஆம் தேதி பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். மே 20 என்றால் அக்கினி நட்சத்திரத்தின் உச்சம், பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் லீவு. சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல் மின் நிலையத்தின் முதல் யந்திரம் 1962இல் ஓட ஆரம்பித்ததும் ஒரு மே மாதத்தில்தான். (அந்த மின் நிலையம் 2020இல் மூடப்பட்டுவிட்டது.) ஊர் பிறந்த வேளை அப்படி! கோடை லீவுக்கும் இந்த ஊருக்கும் அன்றைக்கே ஏதோ பகை ஏற்பட்டுவிட்டதென்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

பகை என்றால் சும்மா சொல்லவில்லை. நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் பூமிக்குள் நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே நிலக்கரி வெட்ட முடியும். "பொங்கலாயிற்றே, தீபாவளியாயிற்றே" என்று பம்பை நிறுத்தினால் தண்ணீர் சுரங்கத்தின் அடித்தளத்தையே பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். மண் வெட்டும் யந்திரம், நிலக்கரி சுமக்கும் பெல்ட்டு, கொதிகலன் எல்லாம் அந்தக் கதைதான். ஒன்று நின்றால் அடுத்தது நிற்கும். ஆகவே மூன்று ஷிப்டு. வருஷத்தில் 365 நாளும் மூன்று ஷிப்டு.

அதிலும் ஒரு விபரீதம் பாருங்கள். பள்ளிக்கூடங்கள் மூடியிருக்கிற ஏப்ரல், மே மாதங்களில்தான் நாட்டில் மின்சாரத்துக்கு ஏகக் கிராக்கி. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த வருஷக் கோடையின் உச்சம் அதுதான். ஏன் தொடாது? சென்னையிலும் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் லீவு விட்ட குழந்தைகளெல்லாம் மின்விசிறிக்கும் ஏ.ஸி.க்கும் கீழே படுத்திருக்கிறார்கள் அல்லவா? அந்த விசிறி சுற்றுவதற்காக என் கணவர் கொதிகலன் பக்கத்தில் நின்று, எங்கள் குழந்தைகளின் லீவைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார். தை மாதமே மேலதிகாரியிடம் விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். ஒரு பிரிவில் 10 பேர் இருந்தால் 10 பேருக்கும் குழந்தைகள் உண்டு. 10 பேருக்கும் மே முதல் வாரந்தான் வேண்டும். பிறகு நடப்பது பஞ்சாயத்து. போன வருஷம் உனக்கு, இந்த வருஷம் எனக்கு, அவன் தங்கை கல்யாணம், இவன் குலதெய்வத்துக்கு முடியெடுக்க வேண்டும் என்று பேசிப் பேசிக் கடைசியில் ஆளுக்கு ஆறு நாள், ஏழு நாள் என்று பங்கு பிரிந்து வரும். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிற மாதிரிதான்.

இது ஒரு காலண்டர். இரண்டாவது பள்ளிக்கூடக் காலண்டர். பார்ப்பதற்கு எளிது. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று மூன்று பரீட்சை. மூன்றுக்கும் பின்னால் லீவு. ஆனால் எங்கள் வீட்டில் மகன் படிப்பது மாநிலப் பாடத்திட்டம், மகள் படிப்பது மத்தியப் பாடத்திட்டம். ஏன் இப்படி என்று கேட்காதீர்கள். அது தனிக் கட்டுரை. மகனுக்கு ஏப்ரலில் பரீட்சை முடிந்தவுடன் லீவு. மகளுக்கோ மார்ச்சிலேயே பரீட்சை முடிந்து, ஏப்ரலில் புது வகுப்பே ஆரம்பித்துவிடும். லீவு மே மாதத்தில்தான். அண்ணன் பலாமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு படுத்திருக்க, தங்கை புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டில் சமாதானம் எப்படி நிலவும்?

தேதியாவது நிலையாக நிற்கிறதா? 2024இல் தேர்தல், ஏப்ரல் 19இல் வாக்குப்பதிவு. அதற்குள் பரீட்சை முடிந்துவிடும் என்று சொன்னார்கள். என் மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. 13ஆம் தேதி இரவுக்கு டிசம்பரிலேயே டிக்கெட் எடுத்து, நாலும் உறுதியாகி, அந்த மகிழ்ச்சியிலேயே பொங்கல் கொண்டாடினோம். கடைசியில், ஏப்ரல் 10, 12 தேதிகளில் நடக்க இருந்த அறிவியலும் சமூக அறிவியலும் ரம்ஜானை முன்னிட்டு 22, 23 தேதிகளுக்குப் போய்விட்டன. ஒன்பது நாள் லீவு விட்டுவிட்டு, அப்புறம் இரண்டு பரீட்சை! டிக்கெட்டை ரத்து செய்தோம். பின்பு தட்கலில் எடுத்து, இரண்டு பேர் ஒரு பெட்டியிலும் இரண்டு பேர் வேறு பெட்டியிலுமாகப் போய்ச் சேர்ந்தோம். திறப்பதும் அப்படியே. 2023இல் வெயிலைப் பார்த்துத் தள்ளித் தள்ளி, பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு 14 என்று ஆயிற்று. 2024இல் ஜூன் 10. 2025இல் ஜூன் 2ஆம் தேதியே திறந்துவிட்டது. திறப்பு தள்ளிப்போன செய்தி எப்போது வந்து சேரும் தெரியுமா? நாம் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்து, வீட்டுக் கதவுப் பூட்டில் சாவியை நுழைக்கும்போது!

மழைக்கால லீவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கலெக்டர் விடுகிற லீவு அது. எங்கள் கடலூர் ஜில்லாவில் குழந்தைகள் கலெக்டரைக் கிட்டத்தட்ட வருண பகவானுக்கு அடுத்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையேறியது அரையாண்டு லீவில்தான். 2015 வெள்ளத்தில் அரையாண்டுப் பரீட்சையே ஜனவரிக்குப் போயிற்று. மார்கழி லீவில் தூரப் பிரயாணம் வைத்துக்கொள்ளாமல், சிதம்பரத்தில் ஒரு தரிசனம், பிச்சாவரத்தில் ஒரு படகு, புதுச்சேரிக் கடற்கரையில் ஒரு மாலை என்று முடித்துக்கொள்வதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது ரயில் காலண்டர். 2015 ஏப்ரலிலிருந்து 120 நாள் முன்னால் டிக்கெட் எடுக்கலாம் என்றிருந்தது. 2024 நவம்பர் 1ஆம் தேதியிலிருந்து அது 60 நாள். இதனால் லாபமா நஷ்டமா என்று எங்கள் வட்டத்தில் இன்னும் விவாதம் ஓயவில்லை. 120 நாள் இருந்தபோது பரீட்சைத் தேதி தெரியாமல் டிக்கெட் எடுத்தோம். இப்போது 60 நாளிலும் பரீட்சைத் தேதி தெரியாமல்தான் எடுக்கிறோம். ஆனால் கவலைப்படுகிற காலம் பாதியாகக் குறைந்திருக்கிறது. அதை லாபக் கணக்கிலேயே எழுதலாம். காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். இரவு ஷிப்டு முடிந்து வந்த மனிதர், காப்பியைக்கூடத் தொடாமல் கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்காருவார். எட்டு அடித்து மூன்று நிமிஷத்தில் பெருமூச்சு கேட்டால் வெயிட்டிங் லிஸ்ட் என்று அர்த்தம். சிரிப்பு கேட்டால் ஆர்.ஏ.ஸி.

நெய்வேலிக்கு ஸ்டேஷன் உண்டு. ஆனால் தெற்கே போகிற இரவு வண்டிகளைப் பிடிக்க விருத்தாசலம் போக வேண்டும். அவை அங்கே வருவது நள்ளிரவுக்குச் சற்று முன்னும் பின்னும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷத்துக்கு வருகிற வண்டி, சென்னையிலிருந்து புறப்பட்டது முந்தின நாள். 14ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் நாம் ஏறும்போது 15ஆம் தேதி பிறந்திருக்கும். எங்கள் வரிசையில் ஒருவர், டிக்கெட்டில் போட்டிருந்த தேதியைப் பார்த்து, அன்றைக்கு இரவு குடும்பத்தோடும் இரண்டு பலாப்பழத்தோடும் விருத்தாசலம் போய் இறங்கினார். அவருடைய வண்டி சரியாக 24 மணி நேரத்துக்கு முன்னால் போயிருந்தது. பலாப்பழத்தை ஸ்டேஷனிலேயே சுளை எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார் என்று கேள்வி.

பலாப்பழம் என்றதும் நினைவு வருகிறது. பண்ருட்டி அடுத்து இருப்பதால் எங்கள் மண்ணிலும் பலா நன்றாக வரும். கொல்லையில் பலாவோ மாவோ இல்லாத குவார்ட்டர்ஸைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வருஷம் முழுவதும் காத்திருந்தால், பழுப்பது நாம் ஊருக்குப் போயிருக்கும்போது. தண்ணீர் ஊற்றினவர் ஒருவர், தின்கிறவர் ஒருவர். ஓய்வு பெறுகிற அன்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய வீட்டில் வைத்த மரத்துக்கு நாம் என்ன உரிமை கொண்டாடிவிட முடியும்?

இத்தனை கஷ்டப்பட்டு எதற்காகப் போகிறோம்? குழந்தைகள் இந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்டார்கள். "எல்லாரும் ஊட்டிக்குப் போறாங்க, கொடைக்கானலுக்குப் போறாங்க. நாம மட்டும் ஏம்மா வருஷா வருஷம் ஆச்சி ஊருக்கே போறோம்?" என்றாள் மகள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எல்லோரும் போவதால்தான் அந்த மலைகளுக்கே மூச்சு முட்டுகிறது. 2024 மே 7ஆம் தேதியிலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. மலைக்குப் போகவும் சீட்டு, போய் இறங்கி அறைக்கும் சீட்டு, பூங்காவில் நிற்கவும் வரிசை. ஆச்சி வீட்டுக்கு இதெல்லாம் வேண்டாம். தாமிரபரணியில் இறங்கிக் குளிக்க யாரும் சீட்டுக் கேட்பதில்லை.

என் மாமியார் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். வயது 79. எங்களோடு வந்து இருக்கச் சொன்னால், "அங்ஙன ஆறு இருக்கா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவார். தை பிறந்ததும் தொலைபேசியில் விசாரணை தொடங்கிவிடும். "பிள்ளையளுக்கு எப்பம் லீவு விடுதாவ?" என்பார். வெயில் ஏறியவுடன் வடகம், வத்தல், மாவடு எல்லாம் பேரன் பேத்தி கணக்கு வைத்துப் போடப்படும். நாங்கள் போய் இறங்குகிற அன்றைக்கு ஒரு பானை வடகத்தில் கால்வாசிதான் எங்களால் தின்ன முடியும். மிச்சத்தை மூட்டை கட்டிக் கொடுத்துவிடுவார்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறார். அவருடைய மகன் பெயரில்தான் குவார்ட்டர்ஸ். "லீவுக்கு எந்த ஊர்?" என்று இந்த வட்டத்தில் யாரும் கேட்காத ஒரே வீடு அது. அவர் இந்த மண்ணின் மனுஷி. இரண்டாம் சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது அவருக்கு வயது 18. நிலத்துக்குப் பணம் கிடைத்தது, வேறிடத்தில் மனை கிடைத்தது, அவர் கணவருக்கு வேலையும் கிடைத்தது. இப்படிப் பல கிராமங்கள் பெயர்ந்துதான் இந்தச் சுரங்கங்கள் உண்டாயின. நிலம் எடுப்பது இன்னும் முடிந்துவிடவில்லை; 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்டியதைப் பத்திரிகையில் எல்லோரும் படித்திருப்பீர்கள். பெரியம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பத்திரிகையை மடித்து என்னிடம் கொடுத்தார்.

தாம்பரத்தில் கட்டிக்கொடுத்த மகளின் பிள்ளைகள் லீவுக்கு அவரிடம் வருவார்கள். ஒரு தடவை, சுரங்கம் பார்க்க அனுமதி வாங்கிப் போனபோது என்னையும் கூட அழைத்துக்கொண்டார். விளிம்பில் நின்று பார்த்தால் கீழே பல பனைமர ஆழத்தில் யந்திரங்கள் எறும்பு மாதிரி ஊர்கின்றன. வெட்டி முடிந்த பக்கத்தை மண்ணால் நிரப்பி மரம் நட்டிருக்கிறார்கள். பேரன், "ஆயா, உங்க ஊர் எங்க இருந்துச்சு?" என்று கேட்டான். அவர் கையை நீட்டினார். பையன் கீழே குனிந்து பள்ளத்தைப் பார்த்தான்.

"கீழ இல்லடா கண்ணு. மேல பாரு. அந்தா, அந்தக் காக்கா போவுது பாரு, அந்த மட்டத்துலதான் எங்க ஊட்டு வேப்பமரம் நின்னுச்சு" என்றார்.

பையன் ஆகாயத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவர் சொன்னது அளவுப்படி சரி. தரை இருந்த இடத்தில் இப்போது காற்று இருக்கிறது.

மத்திய சர்க்காரில் உத்தியோகம் பார்க்கும் என் அண்ணா, லீவுப் பிரயாணச் சலுகைக்காகச் சொந்த ஊர் எது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார். கொடுத்த ஊரைப் பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் மாற்றிக்கொள்ளலாமாம். பெரியம்மா அந்தப் பாரத்தைப் பூர்த்தி செய்தால் என்ன எழுதுவார் என்று அன்றைக்கு முழுவதும் எனக்கு அதே யோசனை. அந்த ஊருக்கு டிக்கெட் எடுக்க 60 நாளும் வேண்டாம், 120 நாளும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கணக்குப் போட்டேன். கதை எழுதுகிறவளுக்குக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். இது கூட்டல் கழித்தல்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஒரு பிள்ளைக்கு 12 வகுப்பு. ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே ஒரு கோடை. ஆக மொத்தம் 11 கோடை. என் மகனுக்கு 2020, 2021 இரண்டையும் கொரோனா கொண்டுபோயிற்று. இனி வரப்போகும் கோடை பதினொன்றாவது; அதற்குப் பின்னால் பிளஸ் டூ, கல்லூரி, எந்த ஊரோ, என்ன லீவோ! கழிந்துபோன கோடைகளில் மிஞ்சியவை 8. ஒவ்வொன்றிலும் என் கணவருக்குக் கிடைத்த லீவு, ரயிலில் போகவரப் போக, சராசரி 7 நாள். எட்டேழு 56. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து என் பிள்ளை தன் ஆச்சியோடு இருந்தது 56 நாள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 40 நாள், 45 நாள் என்று வருஷா வருஷம் லீவு விடுகிறார்களே, அதெல்லாம் எங்கே போயிற்று?

என் சின்ன வயசில் இப்படியா நடந்தது? என் தகப்பனார் லீவு எடுத்தாரா, ரிஸர்வேஷன் செய்தாரா என்றெல்லாம் எனக்கு நினைவில்லை. பரீட்சை முடிந்த மறுநாள், அந்தப் பக்கம் போகிற யாரோ ஒருவரோடு எங்களை ஏற்றிவிடுவார்கள். அவர் மாமாவாக இருக்கலாம். மாமாவுக்குத் தெரிந்தவராகவும் இருக்கலாம். கையில் ஒரு துணிப்பை, அதில் இரண்டு பாவாடை. பாட்டி வீட்டில் எங்களைப் போல ஏழெட்டுப் பேர். சண்டை, மாங்காய், வாய்க்கால், மத்தியானத் தூக்கம், பழைய பத்திரிகைக் கட்டுகள். நான் முதல்முதலாகத் தொடர்கதை படித்தது பாட்டி வீட்டுப் பரணில் கிடந்த கட்டுகளில்தான். அதிலும் கடைசி அத்தியாயம் கரையான் தின்றது. ஜூன் முதல் தேதிக்கு முந்தின நாள் யாராவது கொண்டுவந்து விடுவார்கள். அப்பா அம்மா வேலை அவர்களுக்கு, எங்கள் லீவு எங்களுக்கு.

இன்றைக்கு நாம் என்ன செய்கிறோம்? குழந்தைகளின் 40 நாளை எடுத்து, தகப்பனாருடைய 7 நாளுக்குள் மடித்து வைக்கிறோம். நாலு பேரும் சேர்ந்து புறப்பட வேண்டும், நாலு பேரும் சேர்ந்து திரும்ப வேண்டும். அதற்குப் பெயர் குடும்பப் பிரயாணம். மிச்சம் 33 நாள் பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு குவார்ட்டர்ஸில் அடைந்து கிடக்கிறார்கள். ஊரில் ஒரு கிழவி வாசற்படியில் உட்கார்ந்து தேதி எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஷிப்டு வேலை பார்க்கும் ஊருக்கு இந்த ஏற்பாடு எந்த விதத்திலும் பொருந்தாது. சுரங்கத்து நீர் நமக்காகக் காத்திருக்கப்போவதில்லை. பிள்ளையின் பதினோராவது கோடையும் காத்திருக்கப்போவதில்லை. இரண்டையும் ஏன் ஒரே கயிற்றில் கட்ட வேண்டும்?

இரவு சாப்பாட்டின்போது கணக்குத் தாளை எடுத்து வைத்தேன். என் கணவர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மோரை ஊற்றிக்கொண்டு மறுபடியும் அந்தத் தாளைப் பார்த்தார்.

"ரெண்டாயிரத்துப் பதினெட்டுல பத்து நாள் இருந்தோமே?" என்றார்.

"இருந்தோம். பத்தொன்பதுல அஞ்சு நாள்தான். சராசரி போட்டுத்தான் எழுதியிருக்கேன்."

மகன் தாளை வாங்கிப் பார்த்தான். அவனுக்கு மே நடுவிலிருந்து பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வகுப்புகள் ஆரம்பிப்பதாக இருந்தது. கோடை லீவில் வகுப்பு வைக்கக் கூடாதென்று வருஷா வருஷம் சொல்லப்படுகிறது. வருஷா வருஷம் வகுப்பும் நடக்கிறது. நம் பிள்ளை மட்டும் போகாமல் இருந்தால் என்ன ஆகுமோ என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் இருப்பதால், யாரும் வாய் திறப்பதில்லை. நானும் திறக்கவில்லை.

"பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே நான் மட்டும் போறேன்" என்றான் அவன். "கிளாஸ் தொடங்கறதுக்குள்ள வந்துடறேன்."

"தனியாவா? நடுராத்திரி விருத்தாசலத்துலயா?" என்று என் வாயிலிருந்துதான் வந்தது. அரைமணி நேரத்துக்கு முன்பு துணிப்பையோடு யாரோ ஒருவருடன் பிரயாணம் செய்த பெருமையை எழுதிக்கொண்டிருந்தவள் நான்தான்.

"நான் கொண்டுபோய் ஏத்திவிடறேன்" என்றார் அவர். "காலையில திருநெல்வேலி ஸ்டேஷன்ல சித்தப்பா நிப்பான். பதினாறு வயசாச்சு. நான் பதினேழுல வேலை தேடி மெட்ராஸ் வந்தேன்."

"அப்ப நான்?" என்றாள் மகள். அவளுக்கு மே மாதத்தில்தான் லீவு. அப்பாவுக்குக் கிடைத்திருக்கும் ஆறு நாளில் நாங்கள் மூவரும் போவதென்றும், அப்பாவோடு அண்ணன் திரும்புவதென்றும், நானும் அவளும் ஆச்சியோடு ஜூன் வரை இருப்பதென்றும் ஏற்பாடாயிற்று. எனக்கு ஒரு தொடர்கதை பாக்கி இருக்கிறது. அதை ஆற்றங்கரையில் உட்கார்ந்து எழுத முடியாதென்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. இங்கே கொல்லையில் இருக்கிற பலாவை எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் ஒப்படைத்தாகிவிட்டது. முதல் பழம் பேரப்பிள்ளைகளுக்கு என்று சொல்லியிருக்கிறேன். "முத பழம் சாமிக்கும்மா" என்றார் அவர்.

அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு மகனே கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு டிக்கெட் என்பதால் உடனே கிடைத்துவிட்டது, மேல் படுக்கை. டிக்கெட்டில் போட்டிருந்த தேதியை நாங்கள் மூன்று பேரும் தனித்தனியாகச் சரிபார்த்தோம்.

அன்று மாலை மாமியாரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். பேரன் தனியாக வருகிறான் என்றதும், "தனியாவா?" என்று கேட்டார். என் குரலிலேயே கேட்டார். சமாதானம் சொன்னோம்.

"எத்தனை நாளைக்கு?"

"இருபத்தஞ்சு நாள் ஆச்சி" என்றான் மகன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவன் இரண்டு தடவை "ஆச்சி, ஆச்சி" என்று கூப்பிட்டான்.

"இருக்கேன், இருக்கேன்" என்றார். "அப்பம் வத்தலு பத்தாதேய்யா. இன்னும் ரெண்டு படி அரிசி ஊறப்போடணும்லா? சரி, போனை வையி. வெயிலு போயிரும்."